பட்டடையின் விளிம்பு

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, என் தம்பி மகன் ஒரு யோசனையோடு என்னிடம் வந்தான். புதுச்சேரி நெல்லித்தோப்பில் இரும்புக் கதவுகளும் சன்னல் கம்பிகளும் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றை அவன் நடத்தி வருகிறான். என் தகப்பனாரின் பட்டடை இன்றும் அங்கேதான் இருக்கிறது. "பெரியப்பா, அந்த உடைந்த விளிம்பை வெல்டிங் வைத்து நிரப்பி, முகத்தையும் இயந்திரத்தில் கொடுத்துச் சீவி வாங்கிவிட்டால் புதிதுபோல் ஆகிவிடும். இரண்டு நாள் வேலைதான்" என்றான். "வேண்டாம்" என்றேன். நான் சொன்ன விதம் எனக்கே கடுமையாகப் பட்டது. அவன் ஒன்றும் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று இரும்பைப் பற்றியது. அதை மறுநாளே அவனிடம் சொல்லிவிட்டேன். மற்றொன்று என்னைப் பற்றியது. அதை இதுவரை நம் குடும்பத்துப் பிள்ளைகள் எவரிடமும் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது, ஆகவே எழுதுகிறேன்.

பட்டடையைப் பார்த்திராத இக்காலத்துப் பிள்ளைகளுக்காகச் சிறிது விளக்கவேண்டும். கொல்லர் பழுத்த இரும்பை எதன்மேல் வைத்து அடிக்கிறாரோ அதுவே பட்டடை. எங்களுடையது பிரெஞ்சுக்காரர் பாணியில் அமைந்தது. இரு பக்கமும் கொம்புகள்: ஒன்று உருண்டது, மற்றொன்று சதுரமானது. நடுவே சமமான முகம். முகத்தின் ஓரமாக ஒரு சதுரத் துளை. பக்கவாட்டில் 102 என்ற எண் பொறித்திருக்கும். அது அதன் எடை, கிலோவில். என் பாட்டனார் அதைத் துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஓர் ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லுவார்கள். உருண்ட கொம்பை என் தகப்பனார் 'பிகோர்ன்' என்றே குறிப்பிடுவார். அது பிரெஞ்சுச் சொல் என்பது பள்ளியில் அம்மொழியைப் படித்த பிறகே எனக்குத் தெரிந்தது. அதுவரை அதைக் கொல்லர் தமிழ் என்றே எண்ணியிருந்தேன்.

பார்ப்பதற்கு உலகத்திலேயே எதற்கும் அஞ்சாத பொருள் அதுதான் என்று தோன்றும். அடி வாங்குவதற்கென்றே பிறந்ததற்குப் பாதுகாப்பு எதற்கு என்று பலரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். உண்மை வேறு. பட்டடையின் உடல் மெதுவான இரும்பு. முகம் மட்டுமே பதம் ஏற்றிய எஃகு. பதம் ஏற ஏற எஃகு கடினமாகும். கடினமாக ஆக, கண்ணாடியைப் போல் தெறிக்கும் குணமும் கூடவே வந்துவிடும். நடு முகத்தில் விழும் அடியைக் கீழேயுள்ள உடல் முழுவதும் தாங்கிக்கொள்ளும். விளிம்பில் விழும் அடிக்கு அப்பால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. அங்கே வெறுஞ் சம்மட்டி ஒருமுறை தவறி விழுந்தால் போதும், சில்லுப் பெயர்ந்துவிடும். பெயரும் சில்லு சும்மா கீழே விழுவதுமில்லை. கண்ணில் பட்டால் கண் போய்விடும். அக்காலத்தில் எங்கள் தெருவில் கண்ணாடி அணிந்து இரும்படித்தவர் ஒருவருமில்லை. நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

ஆகவே, பழுத்த இரும்பு இடையில் இல்லாமல் பட்டடையைச் சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது என்பது அப்பா எனக்குக் கற்றுத்தந்த முதற் பாடம். சிவப்பு மாறிக் கறுத்துவிட்ட இரும்பையும் அடிக்க விடமாட்டார். பழுத்த இரும்பு அடியைத் தானே வாங்கிக்கொண்டு நசுங்கும். ஆறிய இரும்பு அதை அப்படியே கீழே தள்ளிவிடும் என்பார். இரும்பைத் துண்டிக்கும்போது இன்னும் கண்டிப்பு அதிகம். இங்கிலாந்து நாட்டுப் பட்டடைகளில் முகத்துக்கும் கொம்புக்கும் இடையே பதமேற்றாத படி ஒன்று இருக்கும். உளியால் வெட்டுவதற்கென்றே அமைத்தது. எங்கள் பட்டடையில் அது கிடையாது. அதற்காக அப்பா 'ப' வடிவில் மெத்திரும்புத் தகடு ஒன்றை வளைத்து வைத்திருந்தார். வெட்டும்போது அதை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொள்வார். உளி இரும்பைக் கடந்து இறங்கினாலும் தகட்டில்தான் பாயும். முகமும் பிழைக்கும், உளியின் வாயும் பிழைக்கும். அந்தத் தகட்டில் விழுந்திருந்த வடுக்களை எண்ண முடியாது. பட்டடை முகத்தில் ஒரு வடுவும் இருந்ததில்லை. அதாவது, 1968 வரை.

கொம்பின் நுனியில் வைத்துச் சம்மட்டி அடி அடிக்கலாகாது; பெரிய அடியெல்லாம் உடலுக்கு நேரே நடுவில் விழவேண்டும். பழுத்த இரும்பை முகத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் யாரோடும் பேசிக்கொண்டு நிற்கலாகாது. எஃகு 200 பாகைச் சூட்டைத் தாண்டினாலே ஏற்றிய பதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கும் என்பதைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தேன். அப்பாவுக்குப் பாகைக் கணக்குத் தெரியாது. "சூடு தங்கினால் பட்டடை சோற்றுப் பதம் ஆகிவிடும்" என்பார். அவ்வளவுதான். குளிர்நாடுகளில் கொல்லர்கள் பனிக்கால காலையில் பட்டடையை இளஞ்சூடாக்கிவிட்டே வேலை தொடங்குவார்களாம். உறைந்த எஃகு இன்னும் எளிதில் தெறிக்கும். நம் புதுச்சேரியில் அந்தக் கவலை இல்லை. இங்கே பகை கடற்காற்று. இரண்டு நாள் துணி போட்டு மூடாமல் விட்டால் முகம் செம்பட்டை பூத்துவிடும். சனிக்கிழமை மாலை எண்ணெய்த் துணியால் துடைத்து மூடிவைப்பது என் வேலையாக இருந்தது.

சுத்தியலின் முகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓரங்களைத் தேய்த்துச் சற்றே குமிழாக வைத்திருப்பார். ஓரம் கூர்மையாக இருந்தால், கை சாயும் போதெல்லாம் பட்டடையில் பிறைநிலா விழும் என்பது அவர் வாக்கு. அடிக்கட்டையோ புளியமரத்தின் அடித்துண்டு. பாதியளவு மண்ணில் புதைத்து, மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்கியது. பட்டடை ஆடினால் அடி சறுக்கும். அடி சறுக்கினால் விளிம்புக்கு ஆபத்து. இப்படி ஒன்றையொன்று தொடர்ந்து எல்லாம் அந்த விளிம்பிலேயே வந்து முடியும்.

திருக்குறளில் பட்டடை ஒருமுறை வருகிறது: கூடாநட்பு அதிகாரத்தின் முதற் குறளில். தாங்குவது போலக் காட்டி, அடிபடுவதற்கு இடங்கொடுக்கும் பொய் நண்பனுக்கு வள்ளுவர் அதை உவமையாக்குகிறார். பட்டறையில் வளர்ந்தவனாகிய எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் எனக்கு ஆறுதல் தருகிறது. பட்டடை அருகே உலையின் அனலில் வாடி, சுத்தியல் ஓசையில் காது மங்க, செய்யும் பொருளின்மேலேயே கண்ணாயிருக்கும் கொல்லரை அங்கே காணலாம். அத்தகையோர் இல்லாமல் எந்த நகரிலும் மக்கள் குடியிருக்க முடியாது என்றும் அந்நூல் சொல்கிறது. அதை எழுதியவர் ஒரு கொல்லுப் பட்டறையில் சில நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

கொல்லர் வேலை ஒருவரால் ஆகாது. குறட்டால் இரும்பைப் பற்றி, சிறு சுத்தியலால் இடம் காட்டுபவர் ஒருவர். எதிரே நின்று சம்மட்டி போடுபவர் ஒருவர். சிறு சுத்தியல் விழுந்த இடத்திலேயே சம்மட்டி விழவேண்டும். சிறு சுத்தியல் பட்டடையில் மெல்லத் தட்டப்பட்டால் 'போதும்' என்று பொருள். எங்கள் பட்டறையில் சம்மட்டி போட்டவரை நான் மாமா என்று அழைப்பேன். அவர் நம் மதத்தவர் அல்லர். ஆனால் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். ஆயுத பூசைப் பொரிகடலை அங்கிருந்து எங்களுக்கு வரும். பதினொரு ஆண்டுகள் அப்பாவுக்கு எதிரே நின்றவர். இருவரும் வேலை நேரத்தில் பேசிக்கொண்டதே இல்லை. சுத்தியலும் சம்மட்டியுமே பேசும். கோயிலில் நண்பகல் மணி அடித்ததும் அப்பா சுத்தியலை வைத்துவிட்டு மூவேளைச் செபம் சொல்லுவார். மாமா தலைத்துண்டை எடுத்துவிட்டு, செபம் முடியும்வரை சும்மா நிற்பார்.

1968-ஆம் ஆண்டு தவக்காலம். எனக்குப் பதினைந்து வயது. சிறு பிள்ளையாயிருந்தபோது "இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை" என்று என்னை விரட்டிய அப்பா, அப்போதுதான் துருத்தியைத் தொட அனுமதித்திருந்தார். சுத்தியலை இன்னும் தரவில்லை. எனக்கு அது பெரிய குறை. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அப்பா ஒரு வீட்டுக்கு இரும்புக் கதவு பொருத்தப் போயிருந்தார். மாமா கஞ்சி குடிக்கச் சென்றிருந்தார். பட்டறை மூலையில் பழைய லாரியின் வில்லுப்பட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அதில் ஒரு கத்தி செய்து அப்பாவை வியக்க வைக்கவேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு அதை இரண்டாக உடைக்கவேண்டும். உலையை மூட்டி, பழுக்க வைத்து, தகட்டைக் கவிழ்த்து, உளி வைத்து வெட்டியிருக்க வேண்டும். எனக்குப் பொறுமையில்லை. அப்பா நிற்கும் இடத்தில் நின்றுகொண்டேன். குளிர்ந்த வில்லுப்பட்டையைப் பட்டடையின் விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்தேன். மாமாவின் சம்மட்டியைத் தூக்கி ஓங்கிப் போட்டேன்.

முதல் அடியில் பட்டை துள்ளி விழுந்தது. அதே வீச்சில் சம்மட்டி வெறும் விளிம்பில் இறங்கியது. என் காதோரம் ஏதோ சீறிக்கொண்டு போயிற்று. பின்னாலிருந்த பனங்கழியில் 'டக்' என்ற ஓசை. திரும்பிப் பார்த்தேன். புளியங்கொட்டையளவு எஃகுச் சில்லு கழியில் பதிந்திருந்தது. பிடுங்கி எடுத்தேன், உடைந்த பக்கம் சாம்பல் நிறத்தில் சர்க்கரையைப் போல் மின்னியது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வில்லுப்பட்டையை இருந்த மூலையிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாடப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் தென்னைநார்த் துடைப்பத்தால் முகத்திலுள்ள செதிலையும் கிட்டத்தையும் தட்டிவிட்டு, உள்ளங்கையால் இரு விளிம்புகளையும் தடவிப் பார்ப்பார். மறுநாள் காலை அவருடைய கை பாதி வழியில் நின்றதை நான் துருத்திக்கு அருகே நின்று பார்த்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். மாமாவும் வந்து குனிந்து பார்த்தார். பின் அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் துருத்தியைப் பார்த்தேன்.

"நேற்று நான்தான் சம்மட்டியைக் கொஞ்சம் அசட்டையாகப் போட்டுவிட்டேன் அண்ணே" என்றார் மாமா.

அப்பா பதில் சொல்லவில்லை. அன்று முழுவதும் வேலை நடந்தது. நடந்தது என்றுதான் சொல்லவேண்டும். அதற்குப்பின் சுத்தியலுக்கும் சம்மட்டிக்கும் இடையே அந்த ஒத்திசைவு திரும்பவில்லை. இரண்டொரு வாரங்களில் தெருவெல்லாம் செய்தி பரவியது. கொல்லர் தெருவில் எதுவும் மறையாது. பட்டடையை உடைத்தவர் என்ற பெயர் ஒரு சம்மட்டிக்காரருக்கு ஏற்பட்டால், பிறகு அவரை யார் எதிரே நிறுத்துவார்?

பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொன்னேன். குருவானவர் ஒன்றே கேட்டார்: "அப்பாவிடம் சொல்லிவிட்டாயா?" இல்லை என்றேன். பிறன் பொருளைக் கெடுத்தவன் ஈடு செய்யக் கடமைப்பட்டிருப்பது போலவே, பிறன் நற்பெயரைக் கெடுத்தவனும் அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்றார். உடனே போய்ச் சொல் என்றார். சரி சுவாமி என்றேன். அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி பாஸ்கா. புதுச்சட்டையோடு பூசைக்குப் போய் நன்மை வாங்கினேன். ஆனால் அப்பாவிடம் சொல்லவில்லை. நாளை, நாளை என்று தள்ளினேன்.

மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்திய இத்திருநாளை என் தகப்பனார் மிகுந்த பக்தியோடு கொண்டாடுவார். பிரெஞ்சு நாட்டவர் இரும்புத் தொழிலாளரின் பாதுகாவலராகப் புனித எலிஜியுஸை டிசம்பர் முதல் நாள் கொண்டாடுவர் என்பதும், அவர் 7-ஆம் நூற்றாண்டில் பொற்கொல்லராயிருந்து ஆயரானவர் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் தச்சரான சூசையப்பரே நமக்கு அண்டை வீட்டுக்காரர் என்பார். அந்த மே முதல் நாள் பங்குச் சுவாமியார் வந்து பட்டறையை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பட்டடையின்மேல் பூமாலை. எதிரே மாமா நிற்கும் இடம் காலியாக இருந்தது. முந்தின வாரமே அவர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கொல்லனாகவில்லை, படித்து ஆசிரியனானேன். பட்டடை தம்பிக்குப் போயிற்று. 1981-இல் அப்பா படுக்கையில் விழுந்தார். ஓர் இரவு அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். பதின்மூன்று ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததை அப்போது சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

"தெரியும்" என்றார்.

எப்படி என்று கேட்டேன். "உடைந்தது என் பக்கத்து விளிம்பு. எதிரே நிற்கிறவன் தவறினால் அவன் பக்கத்து விளிம்பில்தான் விழும். என் பக்கம் உடைய வேண்டுமென்றால் என் இடத்தில் நின்று அடித்திருக்க வேண்டும். அவன் ஒரு நாளும் என் இடத்தில் நின்றதில்லை." சற்றுப் பொறுத்து, "தான்தான் என்று அவன் சொன்னதும் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் உன் பெயரைச் சொல்லவேண்டியிருக்கும்" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று நான் அழுதது எனக்காகவா அவருக்காகவா என்று இன்றும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. என் தகப்பனார் நேர்மையானவர் என்று ஊர் சொல்லும், நானும் சொல்லுவேன். அந்த ஒன்றை அவர் தாண்ட முடியாமல் போனது என்னால்தான். அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் அவர் காலமானார்.

மாமாவைத் தேடுவது எளிதாக இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார் என்றார் ஒருவர். அரியாங்குப்பத்துப் பக்கம் போய்விட்டார் என்றார் மற்றொருவர். அவர் ஆண்டுதோறும் வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு மெழுகுதிரி ஏற்ற வருவது என் நினைவுக்கு வந்தது. 1982-இல் பாஸ்காவை அடுத்து நடந்த அத்திருவிழாவில் மூன்று மாலைகள் கோயில் குளத்தங்கரையில் காத்திருந்தேன். மூன்றாம் நாள் வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "அண்ணன் போய்விட்டாராமே" என்றார். குளத்துப் படியில் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நீ துருத்தியைப் பார்த்தபோதே தெரிந்தது, தம்பி" என்றார். ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அண்ணன் கை கனமான கை. சுத்தியல் பிடித்த கை. பதினைந்து வயதுப் பிள்ளை தாங்காது என்று நினைத்தேன். இரண்டு நாளில் நீயே சொல்லிவிடுவாய் என்றும் நினைத்தேன்." அவ்வளவுதான் சொன்னார். இரண்டு நாள் என்று அவர் எண்ணியது பதினான்கு ஆண்டுகளாயிற்று. அதற்குள் அவர் மூட்டை சுமந்து முதுகு கூனிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அப்பா ஆள் மூலம் அரிசி அனுப்பியதாகவும், முதலில் திருப்பிவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டதாகவும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அடுத்த ஞாயிறு அவரை அழைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தேன். அப்போது எஞ்சியிருந்த பட்டறைகள் மூன்றே. மூன்றிலும் நுழைந்து, பட்டடையை உடைத்தவன் நான், இவர் அல்லர் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவருக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. மூன்றாமவர் மட்டும் எழுந்து மாமாவுக்கு முக்காலியை நகர்த்திப் போட்டார். இதை ஈடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக எங்கள் பட்டறைக்கு வந்தார். உள்ளே வந்தவர் தம்பியை விசாரிக்கவில்லை. நேரே பட்டடையிடம் போனார். உடைந்த இடத்தில் கையை வைத்தார். அப்பா அதை அரத்தால் வழித்து மழுக்கி, வட்டமாக்கி வைத்திருந்தார். கூராக விட்டால் வேலைப்பொருளில் தழும்பு விழும், மேலும் பெயரவும் கூடும். "நன்றாகத்தான் வழித்திருக்கிறார். கம்பியை வளைக்க இந்த இடம் உதவுமே" என்றார். உதவியது உண்மைதான், தம்பி வளைந்த வேலைகளை எல்லாம் அந்தப் பள்ளத்தில் வைத்தே செய்து வந்தான். பிறகு அவர் தம்பியைப் பார்த்து, "இதில் யாராவது வெல்டிங் வைக்கிறேன் என்று வந்தால் விடாதே" என்றார்.

அவர் அன்று சொன்னதைத்தான் சென்ற மாதம் தம்பி மகனிடம் விளக்கினேன். பதமேற்றிய எஃகில் மின்பற்று வைத்தால் அந்த இடம் உருகும். சுற்றிலும் சூடு பரவிப் பதம் இறங்கும். வைத்த வேகத்தில் ஆறினால் உள்ளே மயிரிழை விரிசல் விடும். இன்று தெரியாது, இரண்டு மாதம் கழித்து ஒட்டு வைத்ததைவிடப் பெரிய துண்டாகப் பெயரும். முழுப் பட்டடையையும் முன்கூட்டியே இளஞ்சூடாக்கி, ஏற்ற கம்பி கொண்டு வைத்து, மெல்ல ஆறவிடத் தெரிந்தவர்கள் உண்டு. அவர்கள் கையில் கொடுத்தால் கெடாது. அது இரண்டு நாள் வேலையல்ல. முகத்தைச் சீவுவதோ இன்னும் மோசம். மேலேயுள்ள எஃகு விரற்கடைத் தடிமன்கூட இராது. சீவச் சீவ மெத்திரும்புதான் மிஞ்சும். உடைந்த விளிம்போடு நூறு ஆண்டு உழைக்கும் பட்டடையை, அழகுக்காக ஆறு மாதத்தில் கெடுத்துவிடலாம். அவன் புத்திசாலி, புரிந்துகொண்டான்.

நேற்று மாலை அவன் தொழிற்கூடத்துக்குப் போனேன். கதவுச் சட்டம் ஒன்றைக் குளிர்ந்தபடியே பட்டடை ஓரத்தில் வைத்துப் புதிதாக வந்த பையன் ஒருவன் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான். அவனை நிறுத்தினேன். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன். சட்டத்தை நடு முகத்துக்கு நகர்த்தச் சொன்னேன். பிறகு சட்டைப் பையிலிருந்த சிறு டப்பாவைத் திறந்து அந்தச் சில்லை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இது எங்கிருந்து வந்தது, தாத்தா?" என்று கேட்டான். பட்டடையின் அப்பா நின்ற பக்கத்துக்கு அவனை அழைத்துப் போய், விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தம்பி மகனும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அருகே வந்தான்.